விளக்கு பச்சை, பக்கம் மட்டும் வரவில்லை: என் வீட்டு இணையம் படுத்திய பாடு

மோடத்தில் விளக்கு பச்சையாக எரிகிறது. செல்போனில் வாட்ஸ்அப் வருகிறது. கணினியில் பிரவுசரைத் திறந்தால் மட்டும் ஒரு பக்கமும் வருவதில்லை. இந்த நிலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆடியில் தொடங்கிய இந்தத் தொல்லை எனக்கு ஓய்ந்தபோது புரட்டாசி பிறந்துவிட்டது. அதற்குள் கையை விட்டுப் போன பணமும், வாடிக்கையாளர்களிடம் கேட்ட பேச்சும், தூங்காத இரவுகளும் கொஞ்சமல்ல. கடைசியில் பார்த்தால், காசு செலவில்லாமல் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை.

எனக்கு ஊர் வீரவநல்லூர். வீட்டில் இருந்தபடியே சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பலசரக்குக் கடை, சேலை வியாபாரம், ஹார்டுவேர் கடை என்று சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை ஆட்கள் இருக்கிறார்கள். என்னுடைய தொழிலில் தேதி தப்பினால் பணம் போகும். மாதா மாதம் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம் ஏற்ற வேண்டும், 20-ம் தேதிக்குள் அந்த மாத வரிக் கணக்கான 3பி ரிட்டர்ன் போட வேண்டும். 3பி தள்ளிப்போனால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத மாதமாக இருந்தாலும் நாளுக்கு 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. செல்போனிலேயே செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுக் கட்டாக வரும் பில்களை எக்செல்லில் சரிபார்த்து ஏற்றுகிறவர்களுக்குத்தான் தெரியும், அதற்குப் பெரிய திரையும் நடுவில் அறுந்துபோகாத இணைப்பும் வேண்டும் என்று.

எங்கள் வீடு பழைய காலத்து நீள வீடு. தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், மேலே மச்சு. சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, நல்ல கனம். தார்சாவில் மாட்டியிருக்கும் மோடத்தின் வைஃபை பட்டாசலைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். என் மேசைக் கணினிக்கு மோடத்திலிருந்து நேரே லேன் கம்பி போட்டிருந்ததால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் மச்சில் உட்கார்ந்து பாடம் பார்க்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இணைப்புக் கொடுத்த கம்பெனியின் உள்ளூர் ஆளிடம் சொன்னேன். அவர் பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, மோடத்திலிருந்து மச்சு வரை கம்பி இழுத்து மாட்டிவிட்டு, 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மகளுக்கு மச்சில் வைஃபை கிடைத்தது. தொல்லைக்கு வித்து அன்றைக்கே விழுந்துவிட்டது.

ஆடிக் காற்று ஆரம்பித்தால் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். அப்படி ஒரு மத்தியானம் கரண்ட் வந்த பிறகு ஜிஎஸ்டி தளத்தைத் திறந்தேன். இணையத்துடன் இணைக்கப்படவில்லை என்று குரோம் காட்டியது. அடியில் சிறிய எழுத்தில் டிஎன்எஸ் ப்ரோப் என்று தொடங்கும் ஒரு வரி. மோடத்தையும் கணினியையும் அணைத்துப் போட்டேன். வந்துவிட்டது. சில நாள் கழித்து மறுபடியும் போனது. சில சமயம் அணைத்துப் போட்டால் வரும், சில சமயம் எத்தனை முறை போட்டாலும் வராது. ஒரேயடியாகச் செத்துப்போகிற கோளாறு ஆளை இவ்வளவு வதைக்காது. வருமா வராதா என்று தெரியாமல் 20-ம் தேதி சாயங்காலம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது பெரிய கொடுமை. அந்த மாதமே சிலருடைய ரிட்டர்ன் தேதி தாண்டிவிட்டது. பலசரக்குக் கடை அண்ணாச்சி பல வருடமாக என்னிடம் கணக்குக் கொடுக்கிறவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவரே போனில், “உனக்குச் சிரமம் என்றால் சொல்லிவிடம்மா, நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். இதையெல்லாம் சொல்லி அவரையும் ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. அன்று இரவு அடுக்களையில் நின்று அழுதேன்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், சிவப்பு விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. ஃபைபர் மோடத்தில் பான் (PON) என்ற விளக்கு விட்டு விட்டு மினுக்காமல் நிலையாக எரிந்தால் தெருவிலிருந்து வரும் ஒளி மோடத்துக்கு ஒழுங்காக வருகிறது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை: வெளியே கம்பி அறுந்திருக்கும், அல்லது வீட்டுக்குள்ளேயே ஆணியில் சுற்றி மடித்த இடத்தில் நெரிந்திருக்கும். அதைக் கம்பெனி ஆள் வந்துதான் சரிசெய்ய முடியும். நாம் மல்லுக்கட்டிப் பயனில்லை. என் வீட்டில் சிவப்பு எரியவில்லை. புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. ஆள் வருவதற்கு முன்பே புகார் தீர்க்கப்பட்டது என்றும் ஒரு செய்தி வந்தது. மறுபடி சண்டை போட்ட பிறகு ஒருவர் வந்தார். கம்பியைக் கழற்றி மீட்டரில் செருகி, மைனஸ் 20 என்று காட்டினார். மைனஸ் 27-ஐத் தாண்டிப் போனால்தான் ஒளி பலவீனம் என்று கணக்கு, ஆகவே லைன் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை. தன் போனில் எங்கள் வைஃபையைப் பிடித்து ஒரு வீடியோவும் ஓட்டிக் காட்டினார். உங்கள் கணினியில்தான் கோளாறு என்று சொல்லி, வேலை முடிந்ததற்கான ஓடிபியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஓடிபியை, தொல்லை கொடுக்கும் அதே கணினியில் பக்கம் திறந்து காட்டிய பிறகே கொடுங்கள். தீர்க்காமலே புகாரை மூடினால், அந்தப் புகார் எண்ணைச் சொல்லி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஆகவே வருகிற குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

போனில் வருகிறதே என்பதை நம்பி நான் இழந்த நேரம் அதிகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இந்த இடத்தில்தான் திசை மாறிப் போகிறார்கள். வைஃபை பிடித்திருந்தாலும் அதில் இணையம் இல்லை என்று கண்டுகொண்டால், இன்றைய போன்கள் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும். நம் கண்ணுக்கு எல்லாம் வழக்கம்போல் ஓடும். எங்கள் வீட்டில் ஒரு தடயம் இருந்தது. என் போனில் நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. முன்பெல்லாம் அதில் பாதிகூடத் தீராது. அந்த மாதங்களில் மத்தியானத்துக்குள்ளேயே 90 சதவீதம் முடிந்துவிட்டது என்று செய்தி வரத் தொடங்கியது. மகளும் அதையே சொன்னாள். இணையம் வீட்டு லைனில் வருகிறதா என்று போனை வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால், முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபை சின்னத்தின் பக்கத்தில் சின்ன ஆச்சரியக்குறி நிற்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி ஆள் வந்து காட்டினால் அவர் போனிலும் டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

கணினியில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார்களே, வேறு வழி? சிபியுவைப் பெட்ஷீட்டில் சுற்றி, பெரிய கட்டைப்பையில் வைத்து, செங்கோட்டையிலிருந்து வரும் ரயிலில் மடியில் தாங்கிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனேன். கடைக்காரர் அவருடைய கம்பியைச் செருகினார், நொடியில் பக்கம் திறந்தது. திறக்கிறதே என்றேன். உள்ளே வைரஸ் இருக்கும், ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்றார். 800 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து, எக்செல், பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்துக்கான மென்பொருள் என்று ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினேன். அதற்கே இரண்டு இரவு போனது. சில நாள் நன்றாக ஓடி, பிறகு பழைய கதை. அடுத்த முறை லேன் கார்டு போய்விட்டது என்றார்கள். அதற்கு 650 ரூபாய். அப்போதும் கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை. இன்றைக்கு யோசித்தால், அந்த ஒன்றிலேயே பாதி விடை இருக்கிறது. வேறொரு இடத்தில் கொண்டுபோய்ச் செருகியதும் கணினி ஒழுங்காக ஓடுகிறது என்றால் கணினிக்கு வைத்தியம் தேவையில்லை. மோடம் வரைக்கும் ஒளி ஒழுங்காக வருகிறது என்றால் லைனுக்கும் தேவையில்லை. மிச்சம் இருப்பது இரண்டுக்கும் நடுவில், வீட்டுக்குள் இருக்கிற கம்பியும் பெட்டியும்தான். லைன்காரர் லைனைப் பார்த்தார், கடைக்காரர் கணினியைப் பார்த்தார். நடுவில் இருப்பதைப் பார்க்க யாருக்கும் பொறுப்பு இல்லை.

இதற்கிடையில் வேறு ஒரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. கடையில் கிடந்து திரும்பிய கணினியில், இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்திலும் பேங்க் தளம், ஜிஎஸ்டி தளம், ஜிமெயில் எதைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு என்று எச்சரிக்கை வந்தது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. விஷயம் சின்னது. கணினியின் வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்தால், பல வருடம் பின்னால் போயிருந்தது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். கணினியின் தேதி அதற்கு வெளியே விழுந்தால் பிரவுசர் அந்தச் சான்றிதழை ஏற்காது. மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், கணினியைச் சுவரிலிருந்து கழற்றியதும் தேதி பின்னால் ஓடிவிடும். அந்த பேட்டரிக்கு சிஆர்2032 என்று பெயர். வாட்ச் கடையிலேயே 40 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய கணினி வைத்திருப்பவர்கள், எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் சான்றிதழ் சரியில்லை என்று சொன்னால் முதலில் தேதியைப் பாருங்கள். அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய்ப் பாஸ்வேர்டு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

விடிவு வந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தால். யாரும் கைகொடுக்கவில்லை என்றான பிறகு, கணக்கு எழுதும் பழக்கத்தில், இணைப்பு போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் குறிக்க ஆரம்பித்தேன். அதோடு, இணையத்தில் படித்ததை வைத்து இன்னொன்றும் செய்தேன். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கருப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடித்தால், கணினிக்கு இப்போது என்ன எண் கிடைத்திருக்கிறது என்று காட்டும். இணைப்பு இருக்கும்போதும் அதை எழுதினேன், இல்லாதபோதும் எழுதினேன். சில நாளில் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நன்றாக ஓடிய நேரமெல்லாம் கணினியின் எண் 192.168.1.7, டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் 192.168.1.1. ஓடாத நேரமெல்லாம் 192.168.0.103, கேட்வே 192.168.0.1. கலப்பே இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: ஓடாத நேரம் பெரும்பாலும் கரண்ட் போய் வந்ததற்குப் பிந்திய நேரம்.

192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகம் போன்ற உள் வலைகளுக்காகவே ஒதுக்கிவைக்கப்பட்டவை. அவற்றைக் கணினிக்கும் போனுக்கும் பகிர்ந்து கொடுப்பது மோடத்துக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற ஏற்பாடு. கணினி எழுந்ததும், எனக்கு ஓர் எண் வேண்டும், வெளியே போக எந்த வாசல் என்றும் சொல்ல வேண்டும் என்று வலை முழுக்கக் கேட்கும். எந்தப் பெட்டி முதலில் பதில் சொல்கிறதோ அதை ஏற்றுக்கொள்ளும். கேட்வே என்பது அந்த வாசல். என் மோடத்தின் எண் 192.168.1.1 என்று அதன் முதுகிலேயே ஒட்டியிருந்தது. அப்படியானால் 192.168.0.1 யார்?

மச்சுக்குப் போய், மகளின் மேசைக்குப் பின்னால் இருந்த ரவுட்டரைக் கழற்றாமல் மெல்லப் புரட்டினேன். அடியில் ஒட்டடையும் தூசியும். விரலால் துடைத்துப் போன் வெளிச்சத்தில் பார்த்தால், நைந்துபோன ஸ்டிக்கரில் 192.168.0.1. கம்பிகள் செருகும் வரிசையில் நீல நிறத் துளை ஒன்று தனியாக, காலியாக இருந்தது. கீழேயிருந்து வரும் கம்பி மஞ்சள் துளைகளில் ஒன்றில் செருகியிருந்தது. நீலத் துளை, வெளியிலிருந்து இணையம் வந்து சேர வேண்டிய இடம். மஞ்சள் துளைகள், வீட்டுக் கணினிகளுக்கானவை. மஞ்சளில் செருகியதால் மச்சு ரவுட்டரும் மோடமும் ஒரே வலைக்குள் வந்துவிட்டன, எண் கொடுக்கும் வேலையை இரண்டுமே செய்துகொண்டிருந்தன. பஸ் நிலையத்தில் வழி கேட்கும் வெளியூர்க்காரருக்கு இரண்டு பேர் வழி சொல்ல நின்று, அதில் ஒருவர் கை காட்டுவது முட்டுச்சந்து என்றால் எப்படியோ அப்படித்தான். மச்சு ரவுட்டர், வாசல் என்னிடம் இருக்கிறது என்று சொல்லும். ஆனால் அதன் வாசலில் இணையமே இல்லை.

கரண்ட் போய் வந்ததும் தொல்லை வந்ததற்குக் காரணமும் அப்போது விளங்கியது. ஃபைபர் மோடம் முழுதாக எழுந்து எண் கொடுக்கத் தயாராக ஓரிரு நிமிடம் பிடிக்கும். மச்சு ரவுட்டருக்கு அரை நிமிடம் போதும். என் கணினி யுபிஎஸ்ஸில் அணையாமல் இருந்து, மோடத்தின் துளைகள் உயிர்பெற்ற உடனேயே எண் கேட்கும். பதில் சொல்ல அந்த நேரத்தில் மச்சு ரவுட்டர் மட்டுமே தயாராக இருக்கும். மற்ற நாட்களில் கணினி தனக்கு முன்பு கிடைத்த எண்ணையே திரும்பக் கேட்கும் என்பதால் நாள்கணக்கில் நன்றாக ஓடும். ஃபார்மட் போட்டதால் சரியாகிவிட்டது என்று நான் நம்பிய நாட்கள் அவை. கடையில் ஒரே பெட்டி, அதனால் ஒருபோதும் தகராறு வரவில்லை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். மச்சுக்குப் போகும் கம்பியை மோடத்திலிருந்து உருவினேன். கருப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ரிலீஸ் (ipconfig /release) என்று அடித்தேன். பிறகு அதையே ரினியூ (ipconfig /renew) என்று அடித்தேன். 192.168.1.7 வந்தது. ஜிஎஸ்டி தளம் திறந்தது. அந்தப் பக்கம் வந்து நின்றதைப் பார்த்ததும் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை பேர் வந்து போனார்கள், மச்சுக்குப் போகும் கம்பி எங்கே போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

நிரந்தரமாகச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. கம்பியை மஞ்சளிலிருந்து எடுத்து நீலத்தில் செருகினாலே பெரும்பாலும் போதும். அப்போது மச்சு ரவுட்டர் தனக்கென ஓர் உள் வலையை வைத்துக்கொள்ளும். ஆனால் கீழே இருக்கும் பிரிண்டருக்கு மகள் மேலேயிருந்து அனுப்பும்போது அந்த முறை தகராறு செய்யும் என்று படித்ததால் இரண்டாவது வழியை எடுத்தேன். கம்பி மஞ்சளிலேயே இருக்கட்டும், ரவுட்டர் எண் கொடுப்பதை நிறுத்த வேண்டும். கம்பியை உருவியபடியே வைத்துக்கொண்டு, மொபைல் டேட்டாவை அணைத்து, மச்சு வைஃபையைப் போனில் பிடித்து, பிரவுசரின் முகவரி வரியில் 192.168.0.1 என்று அடித்தால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வரும். நுழைவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே லேன் என்ற பகுதியில் முதலில் ரவுட்டரின் எண்ணை மாற்றுங்கள். என் மோடம் 2 முதல் 200 வரை எண் கொடுக்கிறது, ஆகவே அந்த வரிசைக்கு வெளியே 192.168.1.250 என்று வைத்தேன். சேமித்து, புது எண்ணில் மறுபடி உள்ளே போய், அதன் பிறகு டிஹெச்சிபியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதலில் அணைத்தால் உங்கள் போனுக்கு எண் கிடைக்காமல் போய், உள்ளே நுழைய முடியாமல் நிற்பீர்கள். எல்லாம் முடிந்ததும் கம்பியைச் செருகலாம். சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரே பொத்தானிலேயே இவ்வளவும் நடந்துவிடும். உள்ளே போன கையோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரே பெட்டிதான் என்றால் கோளாறு வேறாக இருக்கும். அப்போதும் ஐபிகான்ஃபிக்கில் தொடங்குவதுதான் நல்லது. எண் 169.254 என்று ஆரம்பித்தால் கணினிக்கு யாருமே எண் கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கம்பி, அதன் இரண்டு முனைகள், மோடம், இவற்றைப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு, கேட்வே எண்ணைப் போடுங்கள். பதில் வந்தால் மோடம் வரை வழி சரி. அடுத்து பிங் 8.8.8.8. அது கூகுள் 2009-ல் இருந்து நடத்தும் பொது டிஎன்எஸ்ஸின் எண். அங்கிருந்து பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி திறந்திருக்கிறது. அதற்கு மேலும் பக்கம் வரவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் மக்கர் செய்கிறது என்று சந்தேகப்படலாம். அந்த நிலையில்தான் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றிப் பார்க்கச் சொல்வதில் பலன் உண்டு. எனக்கும் பலர் அதையே சொன்னார்கள், மாற்றியும் பார்த்தேன். வாசலே தவறாக இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. டிஎன்எஸ் வரியில் நீங்கள் வைக்காத, பழக்கமில்லாத எண் ஏதாவது இருந்தால் மட்டும் உஷாராகுங்கள். அந்த வரியை மாற்றிவைக்கும் வைரஸ்கள் உண்டு. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் அப்படிப் பல நாடுகளில் கணினிகளைக் கெடுத்துவைத்திருந்தது. அவற்றுக்காக அமெரிக்காவில் தற்காலிகமாக ஓடவிட்டிருந்த சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தியபோது, அதுவரை சுத்தம் செய்யாத கணினிகளில் பக்கங்கள் திறப்பது நின்றுபோனது.

ஒரு பிரவுசரில் மட்டும் வராமல் இன்னொன்றில் வந்தால் கம்பியைத் தொடவே வேண்டாம். பிரவுசரின் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) அணைத்துப் பாருங்கள், விண்டோஸ் அமைப்பில் ப்ராக்ஸி என்ற இடத்தில் யாராவது எதையாவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விண்டோஸ் 7-ஐ இன்னும் வைத்திருப்பவர்களுக்கு, குரோம் 2023-ல் இருந்து அதற்குப் புதிய பதிப்பு தருவதில்லை. சில தளங்கள் வராமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

எனக்கு ஃபார்மட், லேன் கார்டு, போக்குவரத்து, வாடிக்கையாளர்களுக்காக நானே கட்டிய தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டிப் போனது. சேலை வியாபாரி ஒருவர் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். பலசரக்குக் கடை அண்ணாச்சி மாறவில்லை. தாமதக் கட்டணத்தை நானே கட்டிவிட்டேன் என்று தெரிந்ததும் அந்தப் பணத்தை வாங்க மறுபடி மறுபடி வற்புறுத்தினார், நான் வாங்கவில்லை. ரவுட்டர் மாட்டியவரைக் கூப்பிட்டு, மஞ்சள் துளையைக் காட்டி விளக்கினேன். பணத்தைத் திருப்பித் தரவில்லை, ஆனால் இதேபோல் அவர் மாட்டிய மற்ற வீடுகளுக்கும் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். பார்த்தால் சரி.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. மச்சு ரவுட்டரின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ரீசெட் துளை இருக்கும். வைஃபை மெதுவாக இருக்கிறது என்று யாராவது அதைக் குத்தினால், நாம் மாற்றிய எல்லாம் அழிந்து, ரவுட்டர் 192.168.0.1 ஆகி மறுபடியும் எண் கொடுக்கத் தொடங்கிவிடும். அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டி, குத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். குத்த வேண்டியே வந்தால், முதலில் மஞ்சள் துளையிலிருந்து கம்பியை உருவிவிடுங்கள். எண்ணை மாற்றி, டிஹெச்சிபியை அணைத்த பிறகு செருகுங்கள்.